பதினெட்டு வாரங்களும் ஒரு குலுக்கலும்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டி கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று இரண்டு ஊர்கள். 1930-களின் கடைசியில் அங்கே சிறுவர்களை வைத்து ஒரு விசித்திரமான தேர்வு நடந்தது. பத்து வயதை ஒட்டிய பையன்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். வயது, வீட்டு நிலைமை, அக்கம்பக்கம், புத்திக்கூர்மை, முரட்டுக்குணம் எல்லாம் ஏறத்தாழ ஒத்துப்போகிற இருவர் ஒரு ஜோடி. அப்புறம் நாணயத்தைச் சுண்டினார்கள். ஒருவனுக்கு எல்லா உதவியும் கிடைக்கும். மற்றவனுக்கு ஒன்றும் கிடையாது.

திட்டத்தை வகுத்தவர் ரிச்சர்ட் காபட் என்ற ஹார்வர்ட் மருத்துவர். தன் தொழிலையே நம்பாதவர் என்று சொல்லலாம். மருத்துவர்கள் நோயாளி உயிரோடு இருந்தபோது எழுதிய நோயின் பெயரையும், இறந்தபின் பிணப்பரிசோதனையில் தெரியவந்த நோயையும் ஒப்பிட்டுப் பார்த்து, எத்தனை இடங்களில் கணிப்பு தவறியிருக்கிறது என்று பகிரங்கமாக எழுதிச் சக மருத்துவர்களின் கோபத்தைச் சம்பாதித்தவர். சிறுவர்கள் தடம் மாறாமல் காக்க அன்பான ஒரு பெரியவரின் துணை போதுமா என்ற கேள்வியையும் அவர் அதே கண்ணோடுதான் பார்த்தார். நல்லது நடக்கும் என்று நம்புவது வேறு, நடந்ததா என்று பார்ப்பது வேறு. நாணயம் எதற்கு என்றால் அதற்குத்தான்.

மொத்தம் 506 சிறுவர்கள், 253 ஜோடிகள். உதவி பெற்ற பக்கத்துப் பையன்களின் வீட்டுக்கு ஓர் ஆலோசகர் மாதம் இரண்டு முறை போல வந்துபோனார். படிப்பில் பின்தங்கியவனுக்குத் தனிப்பாடம், நோய்நொடி என்றால் மருத்துவர், கோடையில் முகாம், சாரணர் இயக்கம். சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இது நீடித்தது. காபட் 1939-லேயே இறந்துவிட்டார். திட்டம் 1945-இல் முடிந்தது. முடிவைப் பார்த்தவர் ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் அறிஞர். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, நடுத்தர வயதை எட்டியிருந்த அந்த ஆண்களைத் தேடிப் பிடித்தார். நீதிமன்றப் பதிவுகள், மருத்துவமனைப் பதிவுகள், இறப்புப் பதிவுகள் அனைத்தையும் புரட்டினார். உதவி பெற்றவர்களையே நேரடியாகக் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குப் பேர் அந்தத் திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்றார்கள்.

பதிவுகள் வேறு சொல்லின. உதவி பெற்றவர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம் செய்தவர்கள் அதிகம். குடிக்கு அடிமையானவர்கள் அதிகம். கடுமையான மனநோயின் அறிகுறிகளும் அவர்களிடம்தான் அதிகம். மற்ற பாதியினரைவிட இளம் வயதிலேயே இறந்தும் போயிருந்தார்கள். 1978-இல் மெக்கார்ட் இதை வெளியிட்டபோது சமூகப்பணித் துறையில் பலருக்கு அது தாங்கமுடியாத சேதியாக இருந்தது. பின்னாளில் அவர் இன்னும் ஆழமாகத் தோண்டி ஒரு துப்பைக் கண்டெடுத்தார். ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்கு அனுப்பப்பட்ட பையன்களிடம்தான் கேடு குவிந்திருந்தது.

முகாமில் அப்படி என்ன நடந்திருக்கும்? இதற்கு விடை சொல்ல உதவியது அமெரிக்காவின் எதிர்க்கோடியில், ஆரிகன் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு. தாமஸ் டிஷியன் என்ற உளவியலாளரின் குழு, 13, 14 வயதுப் பையன் ஒருவனையும் அவன் நண்பனையும் ஓர் அறையில் உட்காரவைத்து 25 நிமிடம் பேசச் சொல்லி வீடியோ எடுத்தது. பிறகு உரையாடலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குறித்தது. எதைப் பற்றிப் பேசினார்கள், அடுத்தவன் அதற்கு என்ன செய்தான் என்பதே கணக்கு. சில ஜோடிகளில், பள்ளிக்கு மட்டம் போட்டதையோ வாத்தியாரை ஏமாற்றியதையோ ஒருவன் சொன்னதும் மற்றவன் சிரித்தான். சாதாரணப் பேச்சுக்கு அந்தச் சிரிப்பு கிடைக்கவில்லை. சிரிப்பு விழுந்த திசையில் பேச்சு இன்னும் நீண்டது. இப்படிச் சிரித்துக்கொண்ட ஜோடிகளின் பிந்தைய ஆண்டுகளில் போதைப் பழக்கமும் வன்முறையும் கூடியிருந்ததை டிஷியன் கண்டார். 1999-இல் அவரும் மெக்கார்டும் ஃபிரான்சுவா பூலானும் சேர்ந்து எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையில் ஓர் எச்சரிக்கைப் பலகை. தடம் மாறும் பிள்ளைகளைத் திருத்துவதற்காக ஒரே அறையில் கூட்டிவைத்தால், திருத்துபவர் சொல்வதைவிடப் பக்கத்து நாற்காலியில் இருப்பவன் சிரிப்பதுதான் அவர்களுக்குப் பாடமாகிறது.

அந்த வயதில் நண்பனின் கண்ணுக்கு ஏன் இவ்வளவு எடை? டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்கும் கணினியில் ஒரு கார் ஓட்டும் விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். சிக்னலில் மஞ்சள் விளக்கு எரிகிறது. இன்னும் கொஞ்சம் ஓட்டினால் புள்ளி கூடும். மோதினால் எல்லாம் போச்சு. 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24-க்கு மேற்பட்டவர்கள் என்று மூன்று குழுக்கள். சிலர் தனியாக ஆடினார்கள். சிலருக்குப் பின்னால் அவர்கள் வயதுக்காரர்கள் இருவர் நின்று பார்த்தார்கள். பார்வையாளர்கள் இருக்கும்போது பதின்பருவத்தினர் துணிந்து எடுத்த ஆபத்து மிகவும் கூடியது. பெரியவர்கள் யார் நின்றாலும் பெரிதாக மாறவில்லை. பின்னர் மூளையைப் படம் எடுத்து ஆடவைத்த சோதனையில், நண்பன் பார்க்கிறான் என்று தெரிந்தாலே பதின்பருவத்தினரின் மூளையில் பரிசையும் இன்பத்தையும் எதிர்பார்க்கும் பகுதிகள் கூடுதலாகச் சுறுசுறுப்பாவது தெரிந்தது. இளையோர் செய்யும் குற்றங்களில் பெரும்பகுதி கூட்டாகச் செய்யப்படுவது என்பது போலீஸ்காரர்களுக்கு எப்போதோ தெரியும். ஆய்வகம் அதற்குக் காரணம் சொன்னது, அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு உண்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது நல்ல சேதி. பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை விடாமல் பின்தொடர்ந்து வரும் ஆய்வில் டெரி மாஃபிட் இரண்டு வகையினரைப் பிரித்துக் காட்டினார். சிறுவயதில் தொடங்கி நெடுங்காலம் குற்றம் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. பதின்பருவத்தில் மட்டும் வரம்பு மீறிவிட்டு வேலை, துணை, வீடு என்று வந்ததும் விட்டுவிடுபவர்கள் பலர். கடுமையான குற்றத்துக்காகப் பிடிபட்ட இளையோரைப் பார்த்தாலும் இதே கதைதான். ஃபிலடெல்ஃபியாவிலும் ஃபீனிக்ஸிலும் 1,354 பேரை ஏழாண்டுகள் பின்தொடர்ந்தபோது, உச்ச அளவில் குற்றத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

நல்ல சேதிதான், ஆனால் திட்டம் வகுப்பவருக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தானாக நின்றதையெல்லாம் தன் சாதனையாக எந்தத் திட்டமும் கணக்கு எழுதிக்கொள்ளலாம். நியூஜெர்சியின் ராவே சிறையில் அதுதான் நடந்தது. ஆயுள் கைதிகள் பதின்வயதினரைச் சுற்றி நின்று, சிறை வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கத்தி மிரட்டுவார்கள். 1978-இல் இதைப் படமாக எடுத்தார்கள். படம் ஆஸ்கார் வாங்கியது. வந்துபோன பிள்ளைகளில் பெரும்பாலோர் திருந்திவிட்டதாகப் படம் சொன்னது. நாடெங்கும் சிறைகள் அதைப் பின்பற்றின. ஜேம்ஸ் ஃபின்கனாவர் என்ற பேராசிரியர், மிரட்டலுக்குப் போனவர்களையும் போகாத ஒத்த பிள்ளைகளையும் வைத்து ஒப்பிட்டார். போனவர்கள்தான் மோசம். இதே மாதிரித் திட்டங்களைப் பற்றிய ஒன்பது சோதனைகளைப் பிற்காலத்தில் தொகுத்துப் பார்த்தவர்களும், மிரட்டுவதைவிடச் சும்மா விட்டிருக்கலாம் என்ற முடிவுக்கே வந்தார்கள். இருந்தும் இந்த மிரட்டல் தொலைக்காட்சித் தொடராக மறுபிறவி எடுத்தது. நெஞ்சைத் தொடும் காட்சிக்கு முன்னால் ஒப்பீட்டுக்கு வைத்த குழு எந்த ஊரில் ஜெயித்திருக்கிறது?

கோர்ட்டுக்கு அனுப்புவதைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். அங்கே கொண்டுபோனால்தான் பயம் வரும், புத்தி வரும் என்பது பொதுப்புத்தி. 1938-இலேயே ஃபிராங்க் டானன்பாம் என்ற சமூகவியலாளர் இதற்கு நேர்மாறாகச் சொன்னார். ஒரு பையனைப் பிடித்து, பெயர் எழுதி, தனியாகப் பிரித்து, எல்லோர் முன்னும் கெட்டவன் என்று நிறுத்தும் சடங்கே அவனைக் கெட்டவனாக்கும் என்றார். 1967-இல் அதிபர் ஜான்சன் அமைத்த குற்றவியல் ஆணையம், சின்ன விஷயங்களில் சிக்கும் பிள்ளைகளை நீதிமன்றத்துக்கு வெளியே வேறு வழியில் திருப்பிவிடப் பரிந்துரைத்தது. டைவர்ஷன் என்ற பெயரில் மாற்றுவழித் திட்டங்கள் பெருகியது அதற்குப் பிறகுதான். கருத்து சரியா என்பதற்கு 2010-இல் ஒரு தொகுப்பு வந்தது. ஆண்டனி பெட்ரோசினோவும் அவர் சகாக்களும் 35 ஆண்டுகளில் நடந்த 29 சோதனைகளைச் சேர்த்தார்கள். மொத்தம் 7,304 பிள்ளைகள். ஒரே மாதிரிக் குற்றத்துக்குச் சிலரை முறைப்படி நீதிமன்ற வழியிலும் சிலரை மாற்று வழியிலும் குலுக்கல் போலப் பிரித்து அனுப்பிய சோதனைகள். நீதிமன்ற வழி குற்றத்தைக் குறைக்கவில்லை. மொத்தமாகப் பார்த்தால் கொஞ்சம் கூட்டியிருந்தது.

சரி, அப்படியானால் நல்ல மாற்றுவழி எப்படி இருக்கும்? நான் அறிந்தவற்றில் நிதானமாக யோசித்துச் செய்யப்பட்டது மிச்சிகன் மாநிலத்தின் இங்கம் கவுண்டியில் இருக்கிறது. வில்லியம் டேவிட்சன் என்ற உளவியலாளர் இல்லினாயில் ஜூலியன் ராப்பபோர்ட், எட்வர்ட் சைட்மன் ஆகியோரோடு சேர்ந்து தொடங்கியதை, 1976-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். அதில் மனநல மருத்துவரும் இல்லை, நன்னடத்தை அலுவலரும் இல்லை. பையனோடு வேலை செய்பவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு படிக்கும் ஒரு மாணவர். அவருக்கு அது ஒரு பாடம், மதிப்பெண் உண்டு. சில வாரங்கள் பயிற்சி எடுத்த பிறகு, ஒரு மாணவருக்கு ஒரே பையன் அல்லது ஒரே பெண். வாரத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம், மொத்தம் 18 வாரங்கள்.

வேலை நடக்கும் இடத்தைக் கவனியுங்கள். அலுவலகம் கிடையாது. பையனின் வீடு, பள்ளி, தெரு, அவன் பந்து விளையாடும் மைதானம். வீட்டில் இரவு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதில் அம்மாவுக்கும் அவனுக்கும் தீராத சண்டை என்று வைத்துக்கொள்வோம். மாணவர் இருவரிடமும் தனித்தனியே கேட்டு, அவன் இதைச் செய்தால் அவர்கள் இதைத் தருவார்கள் என்று ஓர் எழுத்து உடன்பாட்டுக்குக் கொண்டுவருவார். அடுத்த வாரம் அது நடந்ததா என்று பார்ப்பார்; நடக்கவில்லை என்றால் திருத்தி எழுதுவார்கள். பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்றால் பிள்ளைக்குப் புத்தி சொல்லிக்கொண்டு உட்காராமல் பள்ளிக்குப் போய் யாரைப் பார்த்தால் திரும்பச் சேர்ப்பார்கள் என்று தேடுவார். பகுதிநேர வேலை வேண்டுமா, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று அலைவார். ஏறத்தாழ பன்னிரண்டு வாரங்கள் இப்படி. மிச்ச வாரங்களில் மாணவர் மெல்லப் பின்வாங்குவார். பள்ளி அலுவலகத்தில் இப்போது பையன்தான் பேச வேண்டும். மாணவர் பக்கத்தில் நிற்பதோடு சரி. கடைசி நாள் வந்ததும் முடிந்தது, நீட்டிப்பு கிடையாது. ஐந்தாண்டுகள் அன்பாக வந்துபோன கேம்பிரிட்ஜ் ஆலோசகரோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு கஞ்சத்தனமான உதவி! அந்தக் கஞ்சத்தனத்தில்தான் இதன் அழகு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இந்தத் திட்டத்தில் பையன் தன்னைப் போன்ற இன்னொரு பையனைச் சந்திக்கவே வாய்ப்பில்லை.

டேவிட்சன் செய்த கெட்டிக்காரத்தனம் இதற்கும் மேலே. எந்த அம்சம் வேலை செய்கிறது என்று பிரித்தறிய, பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பல பிரிவுகளுக்கு அனுப்பினார். ஒன்றில் மேலே சொன்ன உடன்பாடும் பரிந்துபேசுதலும். இன்னொன்றில் அதையே குடும்பத்தோடு மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவதில் நல்ல உறவை வளர்ப்பது மட்டும்தான் வேலை. நான்காவதில் முதல் பிரிவில் செய்த அதே வேலை, ஒரே ஒரு வித்தியாசம்: மாணவருக்குப் பயிற்சி தந்து மேற்பார்வை செய்தவர் நீதிமன்ற ஊழியர். முதல் மூன்றும் வழக்கமான நீதிமன்ற வழியைவிட நல்ல பலன் தந்தன. நான்காவது தரவில்லை. மாணவரும் அதே, வாரமும் அதே, பேச்சும் ஏறக்குறைய அதே. நீதிமன்றக் கூரைக்குக் கீழே போனதும் பலன் கரைந்துவிட்டது.

இந்த ஒரு முடிவுக்காகவே அந்த ஆய்வை எல்லா இளையோர் நீதிக் கூட்டங்களிலும் உரக்க வாசிக்கலாம். மாற்றுவழி என்று பெயர் வைத்துவிட்டு, அதே கட்டடத்தில், அதே மேசையில், அதே அலுவலர் கையில் கோப்பைக் கொடுத்தால் பிள்ளையின் கண்ணுக்கு அது கோர்ட்தான். டானன்பாம் சொன்ன சடங்கு வேறு பெயரில் நடந்து முடிந்திருக்கும்.

அதன் பிறகு வந்த ஓர் ஒப்பீட்டில் 395 பிள்ளைகளை மூன்று பக்கமாகப் பிரித்தார்கள். இத்திட்டத்துக்கு வந்தவர்களில் 22 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் மீண்டும் சிக்கினார்கள். நீதிமன்ற வழியில் போனவர்களில் 34 சதவீதம். எச்சரித்து எந்த உதவியும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் 32 சதவீதம். கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீதிபதி, அலுவலர், வழக்கறிஞர், மாதக்கணக்கில் வாய்தா, இவ்வளவும் சேர்ந்து ‘வீட்டுக்குப் போ’ என்று சொன்னதைத் தாண்டி எதையும் சாதிக்கவில்லை.

ஆனால் இதே ஆய்வில் ஒரு முள்ளும் உண்டு. பிள்ளைகளிடமே ரகசியமாகக் கேட்டு, நீ இந்த ஆண்டு என்னென்ன செய்தாய் என்று குறித்தபோது மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போலீஸ் பதிவில் வித்தியாசம், பிள்ளையின் வாக்குமூலத்தில் இல்லை. அப்படியானால் குறைந்தது குற்றமா, பிடிபடுவதா? ஏற்கெனவே கோப்பில் இருக்கும் பையன் மூலையில் நின்றால் போலீஸ் வண்டி நிற்கும். கோப்பில் இல்லாதவன் நின்றால் போய்விடும். சிகாகோவில் முதல் கைதுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று பார்த்த ஆய்வு ஒன்று இரண்டும் நடப்பதாகக் காட்டியது: கைதானவன் செய்வதும் கூடுகிறது, பிடிபடுவதும் கூடுகிறது, பிடிபடுவது இன்னும் வேகமாகக் கூடுகிறது.

இந்த ஐயத்தை ஓரளவு தீர்த்தது கலிஃபோர்னியாவிலும் லூசியானாவிலும் பென்சில்வேனியாவிலும் எலிசபெத் காஃப்மன் நடத்திய ஆய்வு. முதல்முறையாகச் சிறிய குற்றத்துக்குக் கைதான 1,216 பையன்கள். சிலரை முறைப்படி நீதிமன்ற வழியில் அனுப்பினார்கள், சிலரை வெளியே விட்டார்கள். எந்தப் பக்கம் போவான் என்பது பல நேரம் அன்று மேசையில் யார் இருந்தார் என்பதைப் பொறுத்தது என்னும் அளவுக்கு எல்லைக்கோட்டில் நின்ற வழக்குகள் இவை. இங்கே குலுக்கல் இல்லை. புள்ளிவிவர முறையில் ஒத்தவர்களை ஒத்தவர்களோடு வைத்துத்தான் பார்த்தார்கள். ஐந்தாண்டுகள் கழித்து, நீதிமன்ற வழியில் போனவர்கள் மீண்டும் கைதாவதில் மட்டும் முந்தவில்லை. தாங்களே சொன்னபடி வன்முறையிலும் கூடுதலாக ஈடுபட்டிருந்தார்கள். தவறு செய்யும் நண்பர்களோடு அவர்களுக்குச் சேர்க்கை கூடியிருந்தது. பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் குறைவு. எதிர்காலத்தில் தமக்கு வாய்ப்பு உண்டு என்ற நம்பிக்கையும் குறைந்திருந்தது. இத்தனைக்கும் இவர்கள் செய்த குற்றமும் வெளியே விடப்பட்டவர்கள் செய்த குற்றமும் ஒன்றே.

மாற்றுவழித் திட்டத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதிலேயே எல்லோரும் மூழ்கிப்போகிறார்கள். என்னைக் கேட்டால் வாசலில்தான் பாதித் தவறு நடக்கிறது. 1970-களிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். மாற்றுவழி வந்தால் நீதிமன்றத்துக்குப் போவோர் குறைய வேண்டும். பல ஊர்களில் அப்படிக் குறையவில்லை. முன்பெல்லாம் போலீஸ்காரர் காதைத் திருகி வீட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடிய பிள்ளைகளை, ‘நல்ல திட்டம் இருக்கிறதே’ என்று அங்கே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். இதை வலை விரிதல் என்பார்கள். அதன் கொடுமை அடுத்த கட்டத்தில் தெரியும். திட்டத்துக்கு நிபந்தனைகள் உண்டு: ஆலோசனைக் கூட்டத்துக்கு வர வேண்டும், சமூகசேவை செய்ய வேண்டும், சில ஊர்களில் கட்டணமும் கட்ட வேண்டும். பஸ் இல்லாததால் இரண்டு கூட்டத்துக்கு வராத பிள்ளை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று கோர்ட்டுக்குப் போகும். ஆரம்பத்தில் எச்சரிக்கையோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம், கூடுதல் ஒரு குற்றச்சாட்டோடு நீதிபதி முன்னால் வந்து நிற்கும்.

வாசலில் இருப்பவர் மனிதர் என்பதும் இன்னொரு சிக்கல். ஜார்ஜ் பிரிட்ஜஸும் சாரா ஸ்டீனும் 1998-இல் நன்னடத்தை அலுவலர்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதிய அறிக்கைகளை எடுத்துப் படித்தார்கள். குற்றம் ஒரே மாதிரி இருந்தாலும், வெள்ளையினப் பையன் என்றால் குடும்பச் சூழல், கெட்ட சகவாசம் என்று காரணம் வெளியே தேடப்பட்டது. கறுப்பினப் பையன் என்றால் மனப்பான்மை சரியில்லை, வருந்தவில்லை என்று காரணம் அவனுக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட்டது. எவன் மாற்றுவழிக்குத் தகுதியானவன் என்று முடிவுசெய்யப் போகிறவரும் இதே பேனாவைத்தான் பிடித்திருக்கிறார். அதனால் விவரமறிந்த வடிவமைப்பாளர்கள் இப்போது வாசலைத் தானியங்கி ஆக்கச் சொல்கிறார்கள். முதல் தடவை, இன்ன இன்ன குற்றம் என்றால் யாரும் யோசிக்க வேண்டாம், அனுப்பிவிடலாம். அனுப்பாவிட்டால்தான் காரணம் எழுத வேண்டும். ஆபத்து குறைந்த பிள்ளைக்குக் குறைந்த தலையீடு, பெரும்பாலும் ஓர் எச்சரிக்கை போதும். உண்மையில் உதவி தேவைப்படுபவனுக்கே அந்த 18 வாரங்கள். திட்டத்தில் சொன்னதைப் பின்னால் வழக்கில் சாட்சியமாக எடுக்கக்கூடாது. பாதியில் விட்டாலும் தொடங்கிய இடத்தைவிட மோசமான இடத்துக்குப் பிள்ளை போகக்கூடாது. இவை எதுவும் புகைப்படத்துக்கு ஏற்ற விஷயங்கள் அல்ல. ரிப்பன் வெட்டித் திறந்துவைக்க இதில் ஒரு கட்டடமும் இல்லை.

நம் ஊருக்கு இது அந்நியமான பேச்சல்ல. இந்தியாவில் குழந்தைகள் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் முதலில் வந்தது சென்னை மாகாணத்தில்தான், 1920-இல். இன்று நடப்பில் இருப்பது 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம். நீதிமன்ற நடவடிக்கையை நாடாமல் பிள்ளைகளைக் கையாளும் வழிகளை ஊக்குவிக்க வேண்டும் என்று அதன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். 2016-இன் மாதிரி விதிகள் இன்னும் ஒருபடி போகின்றன. கொடுங்குற்றமோ பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமோ இல்லாவிட்டால் பிள்ளையின் பெயரில் முதல் தகவல் அறிக்கை போடக்கூடாது. காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் குறித்து, அவனது சமூகப் பின்னணி அறிக்கையைத் தயாரித்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்றாண்டு வரை தண்டனைக்குரிய சிறு குற்றங்களில் விசாரணை உரிய காலத்துக்குள், அதாவது நான்கு மாதமும் அதிகபட்சம் இரண்டு மாத நீட்டிப்பும் கடந்தும் முடியாவிட்டால், வழக்கு அதோடு முடிவுக்கு வரும்.

டானன்பாம் படித்திருந்தால் இந்த விதிகளைப் பார்த்துத் தலையசைத்திருப்பார். ஆனால் கொள்கை ஒரு வரிதான். அந்த வரிக்கும் பையனுக்கும் நடுவே ஒரு மனிதர் வந்தாக வேண்டும். பின்னணி அறிக்கையில் குடும்பம், படிப்பு, நண்பர்கள், பழக்கம் என்று கட்டங்கள் இருக்கின்றன. அதை நிரப்பும் கை வெளியே காரணம் தேடுகிறதா உள்ளே தேடுகிறதா என்பதில் அங்கிருந்த நிறம் இங்கே தெருவின் பெயராக, சாதியாக, குடியிருப்பாக மாறி உட்காரும் அபாயம் இருக்கிறது. கூர்நோக்கு இல்லத்தின் கூடத்தில் பத்துப் பையன்களை வட்டமாக உட்காரவைத்து நடத்தும் குழு ஆலோசனையை டிஷியனின் வீடியோவைப் பார்த்துவிட்டு யோசிக்க வேண்டும். இங்கம் கவுண்டியில் தேவைப்பட்டதெல்லாம் ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையும், மதிப்பெண்ணுக்காக வாரம் எட்டு மணி நேரம் தரத் தயாரான மாணவர்களும்தான். சமூகப்பணிப் பட்டம் தரும் கல்லூரிகளும் களப்பணிக்கு இடம் தேடும் மாணவர்களும் தமிழ்நாட்டில் தாராளமாகவே இருக்கிறார்கள்.

இன்னும் தீர்க்க வேண்டிய நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பிள்ளையின் பழைய பதிவுகள் அவன் வாழ்க்கையைத் துரத்தக்கூடாது என்பதால், மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அவற்றை அழிக்கச் சட்டம் சொல்கிறது. மிகச் சரியான விதி. அதே சமயம், வெளியே விட்ட பிள்ளைகள் ஓராண்டில், ஐந்தாண்டில் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் எந்தத் திட்டம் நல்லது, எது கேடு என்று சொல்லவும் முடியாது. மிச்சிகனிலும் கேம்பிரிட்ஜிலும் கிடைத்த முடிவுகள் எல்லாம் யாரோ ஒருவர் பதிவுகளைத் தேடிப்போனதால் கிடைத்தவை. பெயரையும் விலாசத்தையும் அழித்துவிட்டு, வயது, குற்றத்தின் வகை, அனுப்பிய வழி, மீண்டும் வந்தானா இல்லையா என்ற நான்கே கட்டங்களை அடையாளம் தெரியாத ஓர் எண்ணுக்குக் கீழே வைத்துக்கொள்வது தொழில்நுட்பப்படி கடினமல்ல. அந்தப் பேரேட்டைக் காவல் துறை வைத்துக்கொள்ளக்கூடாது; குழுமமும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. வழக்கோடு சம்பந்தமே இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறையிடம் அது இருக்கலாம்.